வீட்டுச் சாவிய எங்க வச்சிட்டு வந்தே?

வேலை கேட்டுப் போன அன்னைக்கு அக்கா எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக. நான் பி.காம். சர்டிபிகேட்டு, கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அதை ஏறெடுத்தும் பாக்கல. "ஒன் வீட்டுச் சாவிய எங்க வச்சிட்டு வந்தே?"ன்னாக.

நான் கைப்பையத் தட்டிக் காமிச்சேன். "இந்தா, எங்கிட்டயேதான் இருக்குக்கா. பத்திரமா இருக்கு"ன்னேன், பெருமையா.

அவுக மூஞ்சி சுருங்கிப் போச்சு. கொஞ்ச நேரம் என்னையவே பாத்தாக. பெறகு, "ஆபீஸ் வேலைக்கு நாளையிலருந்து வா. போனு, கம்ப்யூட்டரு, பேப்பரு எல்லாம் ஒன் பொறுப்பு. ஆனா ஒரு வீட்டுச் சாவியும் ஒன் கையில தர மாட்டேன். வருத்தப்படாத"ன்னாக.

வருத்தப்படாதயாம்! அந்த ஒரு சொல்ல நாலு வருசம் நெஞ்சுல வச்சுப் பொகைஞ்சவ நான்.

அக்காவோட தொழில் என்னன்னா, பூட்டிக் கெடக்குற வீடுகளப் பாத்துக்கிறது. காரைக்குடியச் சுத்தி உள்ள ஊருகள்ல தெருவடைச்சு நிக்கிற வீடுக இருக்குல்ல, அந்த வீட்டுக்காரவுகல்லாம் சென்னை, சிங்கப்பூரு, அமெரிக்கான்னு இருக்காக. வருசத்துல நாலு நாளு வருவாக. மிச்ச நாளெல்லாம் பூட்டுதான். அந்த வீடுகளத் தொறந்து, கூட்டி, ஒட்டடை அடிச்சு, மழைக்கு முன்னால மாடித் தண்ணி போற குழாய்ல சருகு அடைச்சிருக்கான்னு பாத்து, வெள்ளிக்கிழமை சாமி வீட்டுல, அதான் பூசை ரூம்ல, வெளக்குப் போட்டு, மறுபடி பூட்டிட்டு வரணும். அக்காவோட அப்பா தச்சு வேலை பாத்தவுக. கதவு, நிலை சரி பண்ணப் போன வீட்டுக்காரவுக, "சாவிய நீங்களே வச்சுக்கங்க ஆசாரி"ன்னு குடுத்துட்டுப் போன மூணு சாவியில ஆரம்பிச்ச தொழிலு அது. அக்கா கைக்கு வந்து இருபத்தி மூணு வீடாச்சு.

செக்காலை ரோட்டுல ஒரு மருந்துக் கடைக்கு மேல மாடியில ஒரு ரூம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டரு, செவுத்துல ஒரு பலகை. பலகையில ஆணி ஆணியாச் சாவி தொங்கும். எந்தச் சாவியிலயும் பேரு எழுதியிருக்காது. ஒவ்வொண்ணுலயும் ஒரு சேலைக் கிழிசலக் கட்டி வச்சிருப்பாக. இந்தப் பூப்போட்டது இளையாத்தங்குடி, அந்த மாம்பழக் கலரு கடைசியா வந்த கண்டரமாணிக்கம்னு அவுகளுக்குத்தான் தெரியும். "பேரு எழுதுனா, திருடனுக்கு நம்மளே விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி"ன்னுவாக.

வீடுகளுக்குப் போற பொம்பளைக ஆறு பேரு. எல்லாரும் மாசச் சம்பளம். அதுல மூத்தவ முத்துமாரி. அவதான் எனக்கு அந்தக் கேள்விக்கு அர்த்தம் சொன்னா. "அக்கா எல்லாரையும் அதுதான் கேப்பாக. பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்தேன்னு சொல்றவளத்தான் சாவி வேலைக்கு வைப்பாக. பக்கத்து வீட்டோட ஒத்துப்போறவளா இருந்தாத்தான ஊரான் வீட்டப் பாத்துக்குவா? நீ என்ன சொன்னே?"

நான் பேச்ச மாத்திட்டேன். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் தண்ணிக் குழாய்ச் சண்டை. பேசி ரெண்டு வருசமாச்சு. அவ மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு கொல்லைப் பக்கமாப் போயிட்டு வந்தவ நான், அவகிட்டப் போயிச் சாவியக் குடுப்பேனா?

அக்காவ ஒரு வார்த்தையில சொல்லணும்னா, பயம். வேற ஒண்ணுமில்ல. கை நெறைய மோதிரம் போடுறவுகளப் பாத்திருப்பீக, அவுக மனசு நெறையப் பயம் போட்டிருந்தாக. பூட்டப் பூட்டுனா மூணு தடவ இழுத்துப் பாப்பாக. மூணாவது இழுப்புக்குப் பெறகு ரெண்டு எட்டு வச்சுத் திரும்பிப் பாப்பாக. ஒருநா இளையாத்தங்குடிக்குப் போயிட்டுப் பஸ் ஏறி, டிக்கெட்டும் வாங்கி, பாதி வழி வந்தப் பெறகு, "ஏய், ரெண்டாங்கட்டுக் கதவு?"ன்னாக. "பூட்டியாச்சுக்கா, நான் பாத்தேன்"னு முத்துமாரி சொல்றா. அவுக காதுல ஏறல. எறங்கி, எதிர்ப் பஸ்ஸப் புடிச்சுத் திரும்பப் போயி இழுத்துப் பாத்துட்டு, "ஆமா, பூட்டித்தான் இருக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டு வந்தாகளாம். முத்துமாரி வீட்டுக்குப் போனப்பப் புள்ளைக பட்டினி. அவ திட்டுன திட்டு இருக்கே! ஆனா மறுநா அவளே எங்கிட்ட, "என் வீட்டுச் சாவி போயிருந்தா நான் அம்புட்டுத் தூரம் திரும்பிப் போயிருக்க மாட்டேன் புள்ள"ன்னா.

பகல்ல ஒரு நாளைக்கு இருபது போன் வரும் அவுககிட்டருந்து. "மேல மாடி சன்னல்?" "மோட்டார நிறுத்துனாளா?" "அந்தக் கொத்துச் சாவி யாரு கையில?" மருந்துக் கடைக்காரரு, "ஒங்க அக்காவுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல தாயி"ம்பாரு. வீட்டுக்காரவுகளுக்கு மட்டும் இந்தப் பயம் ரொம்பப் புடிக்கும். தனக்குப் பதிலா இன்னொருத்தி பயந்துக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் நிம்மதி வராது?

இப்படி ஓடிக்கிட்டிருந்த பொழப்புல ஒரு ஐப்பசி மாசம் சென்னையிலருந்து ஒரு ஆச்சி பேசுனாக. அவுகளுக்கும் அவுக பங்காளிகளுக்கும் சேத்துப் பதினோரு வீடு. எல்லாத்தையும் ஒரே எடத்துல ஒப்படைக்கணுமாம். "ஒன்னப் பத்தி நல்லாச் சொல்றாக. கண்டரமாணிக்கத்துல ரெண்டு வீடு மொதல்ல தாரேன். செஞ்சு காமி. நல்லாருந்தாத் தைக்கு மேல மிச்ச ஒம்போதும் ஒனக்குத்தான். ஆள் இருக்கா?"ன்னாக.

"இருக்கு ஆச்சி"ன்னு சொல்லிப்புட்டு அக்கா போன வச்சாக. இருக்கா? எங்குட்டு இருக்கு? ஆறு பேரு இருபத்தி மூணு வீட்டுக்கே முக்கி முனகிக்கிட்டு இருக்காளுக.

அன்னைக்குப் புடிச்சது சனி. காலையில வருவாக, "எட்டுப் பேர வேலைக்கு எடுத்துருவோம். ஆர்டர் அடி"ம்பாக. நான் எட்டு ஆர்டர் அடிப்பேன். சாயங்காலம், "விசேசம் இல்லாத ஆடியிலயும் மார்கழியிலயும் ஈ ஓட்டுவோமே, அப்ப இந்த எட்டுப் பேருக்கு என்ன வேலை குடுக்குறது? வேலைன்னு கூப்புட்டு வச்சுட்டு நாளைக்குப் போங்கன்னா பாவமில்லையா? வெளிய விட்ருவோம், காண்ட்ராக்டு"ம்பாக. அழிச்சுட்டு ஒப்பந்தம் அடிப்பேன். மறுநா காலையில, "வெளியாளு கையில எப்படிப் புள்ள சாவியக் குடுக்குறது? மூஞ்சியே தெரியாது. இன்னைக்கு ஒருத்தன் வருவான், நாளைக்கு ஒருத்தன் வருவான்"ம்பாக. மறுபடி அழிப்பேன். மதில் மேல பூனையாவது ஒரு பக்கம் குதிச்சுத் தொலையும். இவுக மதில விட்டே எறங்கல.

பாக்குறவுககிட்டல்லாம் கேட்டாக. எங்க வாடிக்கை ஆட்டோக்காரரு ஒருத்தரு மட்டும் உருப்படியாப் பதில் சொன்னாரு. "சொந்த வண்டின்னா நிக்கிற நாளும் செலவுதான். வாடகை வண்டின்னா அந்தத் தொல்லை இல்ல. ஆனா ஒண்ணு, வாடகை வண்டியில எதையாச்சும் விட்டுட்டு எறங்குனா கெடைக்காது"ன்னாரு. அந்தக் கடைசி வார்த்தையக் கேட்டு அக்கா அன்னைக்குச் சோறே திங்கல.

கார்த்திகை வந்துருச்சு. டீ வாங்கி வச்சா ஆறிப் போய்க் கெடக்கும். நகத்தக் கடிச்சுக் கடிச்சு வெரல் நுனியில ரத்தம். ஆறு பொம்பளைகளும் ஆபீசு வாசப்படியில நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டாளுக. ஒருநா முத்துமாரி எங்கிட்ட வந்து, "காண்ட்ராக்டுக்கு விட்டா எங்கள நிறுத்திப்புடுவாகளா? மக நர்சிங் சேந்திருக்கா. மறைக்காமச் சொல்லு புள்ள"ன்னா.

"சேச்சே, அக்கா அப்படிச் செய்வாகளா?"ன்னேன். சொல்றப்பவே என் குரலு எனக்கே நம்பும்படியா இல்ல. ஏன்னா, காண்ட்ராக்டுக்கு விடுங்கன்னு தெனம் அக்கா காதுல ஓதிக்கிட்டு இருந்தவளே நான்தான்.

ஏன் ஓதுனேன்னு இப்பச் சொல்லலாம். ஆறு பேரு லீவு சொல்ற போனும் எனக்குத்தான் வரும். ஒருத்திக்குக் காது குத்து, ஒருத்திக்கு முதுகு வலி. அது ஒரு காரணம். உள்ளுக்குள்ள வேற ஒண்ணும் இருந்துச்சு. முத்துமாரி இடுப்புல சாவிக்கொத்து ஆடுறதப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல். மூணாங்கிளாஸ் படிச்சவ கையில நாலு அரமணைச் சாவி, எனக்கு ஆபீஸ் பீரோச் சாவி கூட இல்ல. வெளியாளு வந்தா இவளுக்கும் இருக்காதுல்ல? இப்படித்தான் என் புத்தி போச்சு. வெக்கமாத்தான் இருக்கு சொல்ல.

நானே வெளியூர் கம்பெனி ஒண்ணத் தேடிப் புடிச்சேன். அவுக மேனேஜரு ஒருத்தரு வந்தாரு. இஸ்திரி சட்டை, கழுத்துல அட்டை. ஆளுகளுக்கு யூனிபாரம் உண்டு, மெஷின் உண்டு, லீவே கெடையாது, ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர் வருவாருன்னு சரளமாப் பேசுனாரு. எனக்குத் தேன் மாதிரி இருந்துச்சு. அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சார், ஒங்க வீட்டுச் சாவிய எங்க வச்சிட்டு வந்தீக?"ன்னாக.

எனக்கு மானம் போச்சு. அவரு சிரிச்சாரு. "சாவியே கெடையாதுங்க மேடம். நம்பர் பூட்டு."

"நம்பரு மறந்து போனா?"

"போன்ல இருக்கு."

"போனு தொலைஞ்சா?"

அவரு என்னையப் பாத்தாரு. நான் காபியத் தள்ளி வச்சேன். அவரு போனப் பெறகு, "இந்த மனுசனப் பத்தி நான் என்னன்னு நெனைக்கிறது?"ன்னு அக்கா எங்கிட்டக் கேட்டாக. நல்லாத்தான நெனைக்கணும்னு சொல்லி, கண்டரமாணிக்கத்து ரெண்டு வீட்டுக்கு மட்டும் ஒரு மாசம் பாப்போம்னு கையெழுத்து வாங்கிட்டேன்.

அவுக ஆளு நாலு பேரு வந்தாக. பாவம், நல்ல ஆளுக. தண்ணி கூட கேட்டுத்தான் குடிப்பாக. ஆனா அக்கா என்ன செஞ்சாகன்னா, நாலு பேரு வேலை செய்ற எடத்துல அஞ்சாவது ஆளாப் போயி நின்னாக. காலையில போனா சாயங்காலம் வரைக்கும். "அங்குட்டுத் தண்ணி ஊத்தாதீக, தரையில ஆசிட் வேணாம், அந்தத் தூண்ல சாயாதீக." ஒரு வாரம் இப்படி. இங்க ஆபீசுல இருபத்தி மூணு வீட்டு வேலையும் முடங்கிக் கெடக்கு. நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒருநா வாய விட்டுட்டேன்.

"வேலைய வெளிய விட்டுட்டு வாசல்ல நின்னா எதுக்குக்கா விடணும்? ஒண்ணு நம்புங்க, இல்லாட்டி நீங்களே கூட்டுங்க. நாளைக்கு நீங்க போகப்படாது."

அக்கா கைப்பைய மேசை மேல வச்சாக. "அவுகளுக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணுமாமுல்ல. என்னென்ன செய்யணும்னு"ன்னாக.

"நான் எழுதியிருக்கேன்க்கா. முப்பத்தி நாலு வேலை."

"முத்துமாரிய வச்சுக்கிட்டு ஒரு தடவ படிச்சுக் காமி. அவளுக்குத்தான் இந்த வீடுகளோட போக்குத் தெரியும். பெறகு அனுப்பு."

"சரிக்கா"ன்னேன். படிச்சுக் காமிக்கல. அவளுக்குப் போயி நான் படிச்சுக் காமிக்கிறதா? அப்படியே அனுப்பிட்டேன்.

அந்த முப்பத்தி நாலையும் எழுதுனவ யாரு? நாலு வருசத்துல ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வைக்காதவ. போன்ல வர்ற படத்தப் பாத்தே வீடு தெரிஞ்சவ. இதுல என் கெட்டிக்காரத்தனம் வேற. ஒரு வீட்டுக்கு இம்புட்டுன்னு பேசியாச்சு, அதுக்குள்ள இன்னும் நாலு வேலையச் சேத்து வாங்கிருவோமேன்னு கடைசியில சேத்தேன்: "பெட்டி, அலமாரி அனைத்தையும் திறந்து தூசி தட்டவும். உள்ளே துணிகள் இருந்தால் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைக்கவும்."

மறுநா அக்கா போகல. ஆபீசுலயே உக்காந்திருந்தாக. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ போனக் கையில எடுப்பாக, என்னையப் பாப்பாக, வச்சிருவாக. ஒரு போன் கூடப் பண்ணல. எனக்கு அவ்வளவு சந்தோசம். மூணு மணிக்கு அந்த ஆளுகளே படம் அனுப்புனாக. வேலை முடிஞ்சா வீட்டுக்காரவுக குரூப்புலயும் படம் போடணும்னு நான்தான் சொல்லியிருந்தேன். பளபளன்னு தரை. தொடச்ச தூண். கடைசிப் படத்துல வீட்டு நடுவுல வளவு முத்தத்துல கயிறு கட்டி, ஈரத்தோட ஒரு செவப்புச் சேலை, ஒரு வேட்டி. பக்கத்துலயே தரை தொடச்ச துணியும் காயுது.

"இங்க பாருங்கக்கா, துணி கூடத் தொவைச்சிருக்காக"ன்னு காமிச்சேன்.

அக்கா போன வாங்கிப் பாத்தாக. கண்ணு அதுலயே நிக்குது. "அடிப் பாவி"ன்னாக. யாரச் சொன்னாகன்னு எனக்குப் புரியல. அவுக பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சாக.

கண்டரமாணிக்கத்து அந்த வீடு படைப்பு நடக்குற வீடு. பங்காளிகள்லாம் கூடி, செத்துப் போன முன்னோருக்குப் புதுச் சேலை, வேட்டி வச்சுக் கும்புட்டு, அதை ஒரு பேழையில வச்சு மூடிருவாக. அந்தப் பேழை சாமி வீட்டுக்குள்ள இருக்கும். அடுத்த படைப்புக்குத்தான் தொறக்கணும். அதுவும் பங்காளிக எல்லாரும் கூடி நின்னுதான். அதுவரைக்கும் அந்த வீட்டு ஆளே அதுல கை வைக்க மாட்டாக. ஆறு பொம்பளைகள்ல யாருக்கும் இதைச் சொல்லிக் குடுக்க வேணாம். முத்துமாரி பெறகு எங்கிட்டச் சொன்னா: "அந்தப் பெட்டியக் கண்டா நாங்க ஒரு கும்புடு போட்டுட்டு ஒதுங்கித்தான் கூட்டுவோம். அதை யாராச்சும் எழுதி வைப்பாகளா?" வந்த ஆளுக மேலயும் தப்புச் சொல்ல முடியாது. எழுதுனத எழுதுனபடி செஞ்சாக. சோப்புப் போட்டு நல்லாவே தொவைச்சிருந்தாக.

அதுக்குள்ள போன் வந்துருச்சு. ஆச்சி கத்தல. கத்தியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு. "நாளைக்கு வாரேன்"னு மட்டும் சொல்லி வச்சுட்டாக.

மறுநா நாங்க மூணு பேரும் கண்டரமாணிக்கத்துல நின்னோம். அக்கா, முத்துமாரி, நான். நான் அந்த வீட்டுக்குள்ள போனதே அன்னைக்குத்தான். ஆச்சி நேரா சாமி வீட்டுக்குப் போயி, கதவுல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாக. திரும்புனப்பக் கண்ணு கலங்கியிருந்துச்சு.

"எங்க மாமியாருக்கு வச்ச சேலை அது. யாரு தொட்டது?"

"என் ஆளுக ஆச்சி"ன்னாக அக்கா.

"ஒன் ஆளா? யாரோ காண்ட்ராக்டுன்னு கேள்விப்பட்டேன்."

"யாரு கூட்டுனாலும் சாவி எங்கிட்டதான குடுத்தீக."

"பெட்டியத் தொறக்கச் சொன்னது யாரு?"

பின்னால முத்துமாரி மூச்சு விடுறது கேக்குது.

"நான்தான் ஆச்சி. எம் புத்தி மட்டு"ன்னாக அக்கா.

நான் வாயத் தொறக்கல. தொறந்திருக்கலாம். ரெண்டு எட்டு முன்னால வச்சு, நான்தான் ஆச்சி எழுதுனேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. தரைக் கல்லுல போட்டிருந்த பூவப் பாத்துக்கிட்டே நின்னேன். என் வாழ்க்கையில நெனைச்சு நெனைச்சுக் கூனிப் போறது அந்த ஒரு நிமிசம்தான்.

ஆச்சி கைய நீட்டுனாக. அக்கா இடுப்புலருந்து அந்த மாம்பழக் கலரு கிழிசல் கட்டுன கொத்த உருவிக் குடுத்தாக. ஒம்போது வீடும் அதோட போச்சு. குடுத்துட்டு வெளிய வர்றப்ப, ஆச்சி வாசக்கதவப் பூட்டுறாக. அக்கா கை தன்னால பூட்டப் பாத்து நீண்டுச்சு, இழுத்துப் பாக்க. பாதியில மடக்கிக்கிட்டாக. முத்துமாரி அதைப் பாத்துட்டு ஓன்னு அழுதுட்டா.

அதுக்குப் பெறகு மூணு நாளு அக்கா ஆபீசுக்கு வரல. போன் எடுக்கல. அந்தக் கம்பெனிக்குக் கணக்கு முடிச்சு விடச் சொல்லி ஒரு மெசேஜு, அவ்வளவுதான். ஆறு பேரும் அவுகவுக வீட்டு வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருந்தாளுக. யாரும் எங்கிட்டப் பேசல. அந்த லிஸ்ட்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக பாக்குற பார்வையிலயே தெரிஞ்சுச்சு.

நாலாவது நாளு, வியாழக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்ல பூட்டு தொங்குது. பக்கத்து வீட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த அம்மாகிட்ட, "அக்கா எங்க போயிருக்காக? சாவி ஒங்ககிட்டயா இருக்கு?"ன்னேன்.

"எங்ககிட்டயா? நல்லாக் கேட்டே! பதினஞ்சு வருசமாப் பக்கத்துலதான் இருக்கோம். ஒரு நாக் கூட இங்க குடுத்தது இல்ல. தெருக் குழாய்க்குப் போனாலும் பூட்டி இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் போகும்"ன்னாக.

அதுக்குள்ள அக்கா கடையிலருந்து ஒரு பையோட வந்தாக. மூணு நாள்ல ஆளு பாதியாயிட்டாக. இடுப்புலருந்து சாவிய எடுத்துக் கதவத் தொறந்து, "உள்ள வா"ன்னாக.

உக்காரல நான். "அக்கா, அந்த வரியச் சேத்தது நான். முத்துமாரிகிட்டப் படிச்சுக் காமிக்கச் சொன்னீக, காமிக்கல. வேணும்னுதான் காமிக்கல. அன்னைக்கு ஆச்சி முன்னாடியும் பேசாம நின்னுட்டேன்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுகை முட்டிக்கிச்சு.

"தெரியும்"ன்னாக அக்கா. பையிலருந்து பழத்த எடுத்துத் தட்டுல அடுக்கிக்கிட்டே சொன்னாக. "வீட்டையே காமிக்காம ஒன்னைய எழுத வச்சது நான். அதுக்கு யாரு அழுகுறது? மூக்கத் தொடை."

கொஞ்ச நேரம் கழிச்சு நான் கேட்டேன். நாலு வருசமா யாரும் அவுககிட்டத் திருப்பிக் கேக்காத கேள்வி. "நீங்க மட்டும் ஏன்க்கா சாவிய இடுப்புல வச்சுக்கிட்டுத் திரியிறீக?"

அவுக கை நின்னுச்சு. "என்னால முடியல புள்ள. குடுக்கணும்னு நெனைப்பேன், கை வராது. அதனாலதான் குடுக்க முடிஞ்சவளாப் பாத்து வேலைக்கு வச்சேன். நீ அன்னைக்குக் கைப்பையத் தட்டிக் காமிச்சே பாரு, எனக்கு என்னையவே பாத்த மாதிரி இருந்துச்சு. ஏற்கனவே இருக்குற ஒருத்தி போதாதாடா சாமின்னு பயந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வருது அழுகையும் வருது. நாலு வருசமா என்னையத் திருடின்னு நெனைக்கிறாகளோன்னுல்ல வெந்துக்கிட்டிருந்தேன்!

"நான் மத்தியானம் சென்னைக்குக் கெளம்புறேன்"ன்னாக. "ஆச்சிகிட்ட வீட்டத் திருப்பிக் கேக்க இல்ல. அது முடிஞ்சு போச்சு. அந்தப் பேழையில பங்கு உள்ளவுக பத்துக் குடும்பம் அங்க இருக்காக. படைப்புக்கு முன்னால ஒவ்வொரு வீடா ஏறி எறங்கித் தப்பு நடந்து போச்சுன்னு சொல்லணும். வர ரெண்டு மூணு நாளாகும்." அப்படிச் சொல்லிக்கிட்டே அவுக வீட்டுச் சாவிய என் கையில வச்சு, வெரல மூடி விட்டாக. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்க வீட்டுல ஒரு வெளக்கப் போட்டுட்டுப் பூட்டிரு."

மூடுன வெரல ஒரு தடவ அமுக்கிப் பாத்தாக. ஆனா திருப்பி வாங்கல.

போன காரியத்துல ஒம்போது வீடும் வரத்தான் இல்ல. பத்து வீட்டுல எட்டு வீட்டுல தண்ணி குடுத்துப் பேசுனாகளாம், ரெண்டு வீட்டுல கதவு தொறக்கலையாம். எட்டு ஆர்டரும் ஒப்பந்தமும் அந்தக் கம்ப்யூட்டர்ல அப்படியேதான் கெடந்துச்சு. ஆறு பேர்ல ஒருத்தரையும் அக்கா நிறுத்தல. திங்கக்கிழமையிலருந்து என்னைய முத்துமாரி பின்னால வெளக்கமாத்தோட அனுப்புனாக. பெறகு என் வீட்டுக்காரருக்குத் திருப்பூர்ல வேலை கெடைச்சு நாங்க வந்துட்டோம். இங்க பக்கத்து வீட்டுலதான் சாவி குடுத்துட்டுப் போறேன்.

ஆனா எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் நெனைப்புல நிக்கிது. தொறந்தேன். வெளக்குப் போட்டேன். ஒரு நாற்காலி, ஒரு கட்டிலு, ஒரு பழைய உளிப் பெட்டி. அது எதையும் நான் தொடல. எந்நேரமும் போனு வரும்னு கையிலயே வச்சிருந்தேன். வெளக்கு அணைஞ்சுதா, கொல்லைக் கதவு, சன்னல் கொக்கின்னு கேப்பாகன்னு பதிலெல்லாம் தயாரா வச்சிருந்தேன். ஊரான் வீட்டு மாடிச் சன்னலுக்கு இருபது தடவ பேசுற பொம்பளை, தன் வீட்டுக்கு அன்னைக்கு ஒரு தடவ கூடப் பேசல.

கதவப் பூட்டி மூணு தடவ இழுத்துப் பாத்தேன். தெருமொனை வரைக்கும் போயி, ஆட்டோவையும் நிறுத்திட்டு, "கொஞ்சம் இருங்கண்ணே"ன்னு சொல்லித் திரும்பி ஓடி வந்து, இன்னொரு தடவ இழுத்துப் பாத்தேன்.